தமிழில் வாக்குறுதி, ஆங்கிலத்தில் ஒப்பந்தம்: பழைய கார் வாங்கும் எம்மவர் கவனத்துக்கு

புலம்பெயர்ந்து வந்த எம்மவர் ஒருவர் கனடிய மண்ணில் கையொப்பமிடும் முதலாவது பெரிய ஒப்பந்தம் எது? வீட்டு ஒப்பந்தம் பல ஆண்டுகள் கழித்து, சட்டத்தரணி ஒருவரின் உதவியோடு நிகழ்வது. வேலை ஒப்பந்தமோ பெரும்பாலான தொழிற்சாலைகளில் ஓரிரு பக்கப் படிவத்தோடு முடிந்துவிடும். ஆகவே பலருக்கும் அது பழைய கார் வாங்கும் ஒப்பந்தமாகவே அமைகிறது. பனி கொட்டும் மாதமொன்றில், இரவு வேலைக்குப் பேருந்து பிடிக்க இயலாத நிலையில், அவசரத்தில் நிகழ்கின்ற ஒப்பந்தம் அது. அங்கே சட்டத்தரணி இல்லை; மொழிபெயர்ப்பாளர் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கத்தில் "எங்கட ஆள்" ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கை மட்டுமே உண்டு.

அந்த நம்பிக்கைதான் எம்மவரை மீண்டும் மீண்டும் ஏமாற்றுகிறது என்பதை வெளிப்படையாகப் பேசுவதற்கு எமது சமூகம் இன்னமும் தயங்குகிறது. ஏமாற்றும் வெள்ளைக்கார விற்பனையாளரைப் பற்றிக் கொண்டாட்ட வீடுகளில் மணிக்கணக்காகப் பேசுவோர், ஏமாற்றியவர் ஊரவராக இருந்துவிட்டால் "விடுங்கோ, தெரிஞ்ச ஆக்கள்" என்று பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

ஸ்காபரோவில் வாழும் ஒரு குடும்பத்தின் அனுபவத்தை இங்கே எடுத்துக்கொள்ளலாம். தந்தை தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவர். மகள் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முதலாம் ஆண்டு மாணவி. மகளின் போக்குவரத்துக்காக 19,000 டொலருக்கு ஒரு பழைய கார் பேசப்பட்டது. விற்பனையாளர் தந்தையின் பக்கத்து ஊரவர். கோயில் நாட்காட்டியில் விளம்பரம் கொடுப்பவர். கார் 2019ஆம் ஆண்டு மாதிரி என்றும், விபத்து எதுவும் இல்லை என்றும், குளிர்காலச் சக்கரங்கள் நான்கும் இலவசம் என்றும் தமிழில் சொல்லப்பட்டது. ஒப்பந்தப் பத்திரம் ஆங்கிலத்தில் நீட்டப்பட்டது. கடனுக்குத் தந்தையும் இணைக் கையொப்பமிட்டார். நான்கு இடங்களில் பெருக்கல் அடையாளம் இட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது. அந்த நான்கு இடங்களிலும் பேனா ஓடியது. வாசிப்பதற்கு எடுத்துக்கொள்ளப்பட்ட நேரம், தேநீர்க் கோப்பை ஆறுவதற்கு எடுத்த நேரத்திலும் குறைவு.

ஆறாம் நாள் மகள் காப்புறுதிப் படிவத்தை நிரப்புவதற்காகக் காரின் அடையாள இலக்கத்தைப் பார்த்து எழுதினார். கண்ணாடியின் அடியில், ஓட்டுநர் பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் பதினேழு குறியீடுகள் கொண்ட இலக்கம் அது. எம்மவரிற் பலர் அதனை ஏதோ தொழிற்சாலையின் உள்விவகாரம் என்று எண்ணிக் கடந்து செல்கின்றனர். உண்மையில் அது காரின் பிறப்புச் சான்றிதழ். பூச்சியத்தோடும் ஒன்றோடும் குழம்பக்கூடாது என்பதற்காக ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துக்களும் அதில் இடம்பெறுவதில்லை. முதற் குறியீடு கார் எந்த நாட்டில் உருவானது என்பதைச் சொல்லும். இரண்டு என்றால் கனடா, ஜே என்றால் ஜப்பான். ஒன்பதாவது குறியீடு ஏனைய பதினாறையும் ஒரு கணக்கில் இட்டுச் சரிபார்ப்பதற்கானது. பத்தாவது குறியீடே மாதிரி ஆண்டு. 2019க்கு அங்கே கே என்ற எழுத்து இருக்க வேண்டும். இந்தக் காரில் இருந்ததோ எச். அதாவது 2017.

மகள் அதன் பின்னர்தான் ஒப்பந்தப் பத்திரத்தை முதல் வரியிலிருந்து வாசித்தார். ஓடிய தூரம் 89,400 கிலோமீற்றர் என்று அதில் இருந்தது. வாகனப் பாதுகாப்புச் சான்றிதழில் 98,400 என்று இருந்தது. காரில் உள்ள மானி 98,700 காட்டியது. குளிர்காலச் சக்கரங்களைப் பற்றி ஒரு சொல்லும் பத்திரத்தில் இல்லை.

விற்பனையாளரின் பதில் உடனே வந்தது. "அண்ணை, இது சும்மா ரைப்பிங் பிழை. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நாளைக்கு வாங்கோ, திருத்தித் தாறன். ஒரு கையெழுத்துத்தானே."

இந்த ஒரு கையெழுத்தைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. திருத்திய பத்திரம் என்பது கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். பிழை இருந்தது, திருத்தியாயிற்று, இனி என்ன குறை? ஆனால் அந்தத் திருத்தத்தில் ஆண்டு 2017 ஆகிறது, தூரம் 98,400 ஆகிறது, விலை மட்டும் 19,000 ஆகவே நிற்கிறது. இரண்டு ஆண்டு பழைய, 9,000 கிலோமீற்றர் கூடுதலாக ஓடிய காரை, தெரிந்தே, அதே விலைக்கு வாங்கினேன் என்று வாங்குபவர் எழுதிக் கொடுப்பதே அந்தத் திருத்தம். முதற் கையொப்பம் அறியாமையில் இடப்பட்டது. இரண்டாவது கையொப்பமோ அறிந்து இடப்படுவது. அதன் பின்னர் ஏமாற்றப்பட்டேன் என்று எந்த மன்றத்தில் சொன்னாலும், மறுபக்கத்தினர் எடுத்துக் காட்டும் முதலாவது சான்று அந்தத் திருத்தப் பத்திரமாகவே இருக்கும். பிழையைத் திருத்துவது போல் வாங்குபவரின் உரிமையை அழிக்கும் இந்த உத்தி கணினித் துறையில் உள்ளோருக்கு நன்கு விளங்கும்: பதிவேட்டை மேலெழுதிவிட்டால் பழைய தவறு நிகழ்ந்ததற்கான தடயமே இல்லை.

தந்தை திருத்தப் பத்திரத்தில் கையொப்பமிடவே ஆயத்தமானார் என்பது வேதனைக்குரியது. ஊரவரோடு பகைக்க வேண்டாம் என்பது ஒரு காரணம். மற்றைய காரணம் மெல்பேணிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பு. மகளின் மாமா அங்கிருந்து, மூன்று நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும், இப்போது ஆறு நாளாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய இயலாது என்று உறுதியாகக் கூறினார்.

அவர் பொய் சொல்லவில்லை. அவர் வாழும் விக்ரோறியா மாநிலத்தில், உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் பழைய கார் வாங்குபவருக்கு மனம் மாறினால் விலகுவதற்கு மூன்று வேலைநாள் அவகாசம் உண்டு. இலண்டனில் உள்ள சித்தப்பாவைக் கேட்டிருந்தால் பதினான்கு நாள் என்று சொல்லியிருப்பார். பிரித்தானியாவில் இணையம் அல்லது தொலைபேசி வழியாக, கடைக்குச் செல்லாமல் வாங்கினால் அந்த அவகாசம் உண்டு. அங்கே 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம், குறைபாடுள்ள பொருளை முதல் முப்பது நாட்களுக்குள் மறுதலிக்கும் உரிமையையும் தருகிறது. ஒரே குடும்பம் நான்கு நாடுகளில் சிதறி வாழும்போது, நான்கு நாட்டுச் சட்டமும் ஒரே தொலைபேசியில் கலந்து ஒலிக்கிறது. மெல்பேண் சட்டம் ஸ்காபரோவில் செல்லாது என்பதை எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

ஒன்ராறியோவின் நிலை இதனிலும் கடுமையானது. அதே வேளை இதனிலும் சாதகமானது. இந்த முரணைப் பெற்றோரும் இளையோரும் நன்கு விளங்கிக்கொள்ள வேண்டும். விற்பனை நிலையத்தில் கார் வாங்கிவிட்டு மனம் மாறினேன் என்று திருப்பிக் கொடுக்க ஒன்ராறியோவில் ஒரு நாள் அவகாசம்கூடக் கிடையாது. வீட்டு வாசலில் வந்து விற்பவரோடு செய்யும் ஒப்பந்தத்துக்குள்ள பத்து நாள் அவகாசத்தை இதனோடு குழப்பிக்கொள்வோர் பலர். கையொப்பமிட்டதும் விற்பனை இறுதியானது என்ற அறிவித்தல் ஒப்பந்தப் பத்திரத்திலேயே தடித்த எழுத்தில் இருக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. காரை வீட்டுக்குக் கொண்டுவராவிட்டாலும், கையொப்பமிட்ட பின் காரணமின்றி விலகுபவர் தம் முற்பணத்தை இழக்க நேரிடலாம்.

ஆனால் அதே அறிவித்தலில் ஒரு விதிவிலக்கும் எழுதப்பட்டிருக்கும்: விற்பனையாளர் தமக்குரிய சில சட்டக் கடமைகளை நிறைவேற்றத் தவறினாலன்றி. எம்மவர் எவரும் வாசிக்காத பாதி வாக்கியம் இதுதான். 2002ஆம் ஆண்டின் மோட்டார் வாகன விற்பனையாளர் சட்டம், பெயரில் 2002 என்று இருந்தாலும், 2010 ஜனவரி 1ஆம் நாளன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதன் ஒழுங்குவிதிகள் விற்பனையாளர் எழுத்தில் வெளிப்படுத்த வேண்டியவற்றை நீண்ட பட்டியலாகத் தருகின்றன. அவற்றுள் சிலவற்றை அவர் வெளிப்படுத்தத் தவறினால், காரைப் பெற்ற நாளிலிருந்து 90 நாட்களுக்குள் ஒப்பந்தத்தை இரத்துச் செய்யும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. காரின் தயாரிப்பு, வகை, மாதிரி ஆண்டு ஆகியன அவற்றுள் அடங்கும். ஓடிய தூரம் அடங்கும். அத்தூரத்தின் ஐந்து விழுக்காடு, 1,000 கிலோமீற்றர் ஆகிய இரண்டில் எது குறைவோ அந்த அளவுக்கு மேல் பிழை இருத்தலாகாது. கார் முன்பு நாள்வாடகைக்கோ, வாடகை வண்டியாகவோ, காவற்றுறை அல்லது அவசரசேவை வாகனமாகவோ ஓடியதா என்பதும், பெரும் சேதமடைந்து மீளக்கட்டப்பட்டது என்ற முத்திரை அதன் பதிவில் உள்ளதா என்பதும் அடங்கும்.

ஸ்காபரோக் குடும்பத்தின் கணக்கு இப்போது எளிது. 98,400இன் ஐந்து விழுக்காடு 4,920. அதனிலும் 1,000 குறைவு. பத்திரத்தில் உள்ள பிழையோ 9,000. மாதிரி ஆண்டும் பிழை. விலகுவதற்கு ஒரு காரணம் போதும். அவர்களிடம் இரண்டு இருந்தன. ஆறு நாள் தாமதமும் அன்று. இன்னும் 84 நாட்கள் எஞ்சியிருந்தன.

மானியைக் காரில் ஏறியபோதே பார்த்திருக்கலாமே என்ற வாதம் விற்பனையாளர் தரப்பில் எழுந்தது. பார்த்திருக்கலாம். பார்க்காதது அக்குடும்பத்தின் கவனக்குறைவே. எனினும் உண்மையை எழுத்தில் வெளிப்படுத்தும் கடமையைச் சட்டம் சுமத்தியிருப்பது உரிமம் பெற்று அதே தொழிலைச் செய்பவர் மீது. இரவு வேலை முடித்துக் கண்ணெரிச்சலோடு வந்து நிற்பவர் மீதன்று. ரைப்பிங் பிழை என்ற வாதமும் அவ்வாறே. ஆண்டு, தூரம் இரண்டிலும் பிழை விற்பவருக்கே சாதகமாக விழுந்தது ஏன் என்று கேட்பதில் தவறில்லை. தற்செயலாகவும் இருக்கலாம். தற்செயல் என்பதால் அந்தக் கார் 2019ஆம் ஆண்டுக்கு மாறிவிடப் போவதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒப்பந்தத்தில் எந்தப் பிழை கண்டாலும் காரைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று எண்ணுவது சரியன்று. பெயரில் ஓர் எழுத்து மாறியிருப்பதும், தபாற் குறியீடு பிழைத்திருப்பதும் திருத்தப்பட வேண்டிய பிழைகள். அவற்றுக்குத் திருத்தப் பத்திரம் போதும். பக்கத்துக் கடையில் 1,000 டொலர் குறைவாக இதே கார் நிற்பதைக் கண்டுவிட்டு, பத்திரத்தில் எழுத்துப்பிழை தேடி விலகப் பார்ப்பது நேர்மையற்ற செயல். இளையோர் சிலர் அதனைக் கெட்டித்தனம் என்று பேசிக்கொள்வதும் காதில் விழுகிறது. 3,000 டொலருக்கு மேற்பட்ட விபத்துச் சேதத்தை விற்பனையாளர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது விதியாயினும், அதனைத் தெரிவிக்காமை மட்டும் 90 நாள் உரிமையைத் தானாகத் தந்துவிடாது. அங்கே முறைப்பாடு, பேச்சுவார்த்தை, தேவைப்பட்டால் சிறு உரிமைக்கோரல் நீதிமன்றம் என்ற நீண்ட வழியே உண்டு. இலவசச் சக்கரங்கள் போன்ற வாய்மொழி வாக்குறுதிகளின் நிலை இன்னும் பரிதாபம். தமிழில் சொன்னது காற்றோடு போயிற்று. பத்திரத்தில் ஏறாத சக்கரம் காரில் ஏறுவது விற்பவரின் மனச்சாட்சியைப் பொறுத்தது.

வாசிக்காமல் வைத்த கையெழுத்து எல்லாச் சந்தர்ப்பத்திலும் ஆளைக் கட்டிப்போடும் என்றும் இல்லை. 1978ஆம் ஆண்டு ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கப்படுகிறது. வன்கூவர் விமான நிலையத்தில் கார் வாடகைக்கு எடுத்த ஒருவர், கூடுதல் காப்புறுதிக்கும் பணம் செலுத்திவிட்டு அவசரமாகக் கையொப்பமிட்டுச் சென்றார். பின்னர் விபத்து நேர்ந்தது. அவர் சிறிதளவு மது அருந்தியிருந்தாலும் காப்புறுதி செல்லாது என்று பின்பக்கத்தின் சிறிய எழுத்துக்களில் இருப்பதாக நிறுவனம் வாதிட்டது. அவர் வாசிக்கவில்லை என்பதைக் கருமபீடத்தில் இருந்தவர் கண்ணாலேயே கண்டிருந்தும், இத்தகைய கடுமையான நிபந்தனையை அவருடைய கவனத்துக்குக் கொண்டுவராததால், அது அவரைக் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் கூறியது. எனினும் வாசிக்காமலே கையெழுத்து வைக்கலாம் என்பதற்கு இதனை அனுமதிச் சீட்டாகக் கொள்வது பேதைமை. அவர் மேன்முறையீடு வரை இழுபட வேண்டியிருந்தது.

வீட்டில் மகள் ஒரு கடிதம் எழுதினார். நீளமானதன்று; ஒரு பக்கம். கார் எடுத்த நாள், ஒப்பந்தத்தில் உள்ள ஆண்டும் தூரமும், உண்மையான ஆண்டும் தூரமும், சட்டத்தின் பெயர், ஒப்பந்தம் இரத்துச் செய்யப்படுகிறது என்ற ஒரு வரி, செலுத்திய பணம் திருப்பித் தரப்பட வேண்டும் என்ற மற்றொரு வரி. இணைப்பாகப் பாதுகாப்புச் சான்றிதழின் படியும், மானியினதும் அடையாள இலக்கத்தினதும் படங்களும். பதிவுத் தபாலில் அனுப்பப்பட்டது. படி ஒன்று மின்னஞ்சலிலும் சென்றது. தொலைபேசியில் பேசித் தீர்ப்போம் என்ற அழைப்புகளுக்கெல்லாம் எழுத்தில் தாருங்கள் என்பதே பதிலாயிற்று. கடன் பத்திரம் ஏற்கெனவே வங்கிக்குச் சென்றுவிட்டபடியால், தகராறு முடியும் வரை மாதத் தவணையை நிறுத்தாமல் கட்டினார்கள். இந்த இடத்தில் பலர் கோபத்தில் தவணையை நிறுத்திவிடுகிறார்கள். கெடுவது விற்பனையாளரின் பெயரன்று, இணைக் கையொப்பமிட்ட பெற்றோரின் கடன் மதிப்பெண்.

"எங்கட ஆக்களுக்குள்ள இதென்ன கடிதம் கிடிதம்?" என்று விற்பனையாளர் ஊர்ப் பெரியவர் ஒருவர் மூலமாகக் கேட்டு அனுப்பினார். இக்கேள்வியை எமது சமூகம் தலைகீழாகத் திருப்பிக் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது. எங்கட ஆக்களுக்குள் பொய்யான ஆண்டு எதற்கு? எங்கட ஆக்களுக்குள் வாசிக்க நேரம் தராமல் பேனாவை நீட்டுவது எதற்கு? நம்பிக்கைத் துரோகம் என்ற சொல்லைக் கடிதம் எழுதிய பத்தொன்பது வயதுப் பிள்ளையின் மீது வீசும் பெரியவர்கள், தூரத்தைக் குறைத்து எழுதியவர் மீது ஏன் அதனை வீசுவதில்லை? தமிழ் பேசுவதைக் கொண்டு வாடிக்கையாளரைப் பிடிப்பவர், முறைப்பாடு வரும்போது மட்டும் அதே தமிழைக் கேடயமாகத் தூக்குவது என்ன நியாயம்? நேர்மையாகத் தொழில் செய்யும் தமிழ் விற்பனையாளர்கள் பலர் இந்நகரில் உள்ளனர். இத்தகைய மௌனத்தால் முதலில் பாதிக்கப்படுவோரும் அவர்களே.

பிள்ளைகளின் நிலையையும் பெற்றோர் எண்ணிப்பார்க்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அருகில் இருத்தி, "என்ன எழுதியிருக்கு எண்டு பார்" என்று 19,000 டொலர் ஒப்பந்தத்தை மொழிபெயர்க்கச் சொல்லும் வழக்கம் எம்மவரிடையே சாதாரணமாகிவிட்டது. அப்பிள்ளை விற்பனையாளரின் முகத்தையும் தகப்பனின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஓகே அப்பா" என்று சொல்லும். வேறு எதைச் சொல்ல இயலும்? பத்திரத்தை ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்கக் கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. தர மறுப்பவரிடம் வாங்காமல் வெளியேறுவதே மலிவானது.

விற்பனையாளர் பதிவு பெற்றவரா என்பதை ஒம்விக் என்று அழைக்கப்படும் ஒன்ராறியோ வாகனத் தொழிற் பேரவையின் தளத்தில் சில நொடிகளில் தேடலாம். பதிவு பெற்றவரிடம் வாங்கியவருக்கே மேற்சொன்ன 90 நாள் உரிமையும், விற்பனையாளர் தம் கடனைத் தீர்க்காதவிடத்து 45,000 டொலர் வரை கோரக்கூடிய இழப்பீட்டு நிதியும் உண்டு. வீட்டு வாசலில் நிறுத்தி, சொந்தக் கார் போல விற்கும் பதிவற்றவரிடம் வாங்கினால் இவை இரண்டும் கிடையா. சில நூறு டொலர் மலிவுக்காக எம்மவர் கைவிடுவது இதனைத்தான்.

ஸ்காபரோக் குடும்பம் அப்பேரவையில் முறைப்பாடும் பதிவு செய்தது. நீதிமன்றம் போலப் பணத்தைத் திருப்பிக் கொடுக்குமாறு தீர்ப்பளிக்கும் அதிகாரம் பேரவைக்கு இல்லை. ஆனால் உரிமத்தின் மீது அதிகாரம் உண்டு. ஐந்தாவது வாரத்தில் விற்பனையாளர் காரைத் திருப்பி எடுத்தார். வங்கிக் கடன் மூடப்பட்டது, முற்பணமும் வந்தது. கோயில் மண்டபத்தில் அவர் இப்போது அக்குடும்பத்தைக் கண்டால் மறுபக்க வாசலால் போகிறார். ஊர்ச் சங்கத்தின் ஒன்றுகூடலுக்கு அவ்வாண்டு தந்தைக்கு அழைப்பு வரவில்லை. அது அவருக்கு வலித்தது என்பதை மறைப்பதற்கில்லை.

இரண்டாவது கார் வேறொரு நிலையத்தில் பார்க்கப்பட்டது. மகள் கண்ணாடியின் அருகே குனிந்து பதினேழு குறியீடுகளையும் ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசிக்க, தந்தை பத்திரத்தில் பேனாவால் ஒவ்வொன்றின் கீழும் புள்ளி இட்டார். பின்னர் மேசையில் அமர்ந்து முதற் பக்கம் வாசித்து முடிந்தபோது, இவ்வளவு நேரம் யாரும் வாசிப்பதில்லையே என்று அந்த விற்பனையாளர் சிரித்தார். தந்தை அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. மகளின் பக்கம் திரும்பி, "மற்றப் பக்கத்தையும் வாசி பிள்ளை" என்றார்.